கிழிஞ்சா கிழியட்டும், பிள்ளைங்க கையில கொடுங்கப்பா!

நேத்து சாயங்காலம் கீழ்வீட்டு அக்கா ஒரு துணிக்கடைப் பையோட மாடி ஏறி வந்தாங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி அவங்க பையனுக்குன்னு கேட்டு வாங்கிட்டுப் போன ரெண்டு படப்புத்தகம் உள்ள இருந்துச்சு. "இந்தா, கொடுத்தது கொடுத்தபடியே இருக்கு பாரு. அவன் கையிலயே கொடுக்கல. கிழிச்சுப்புடுவான்னு பீரோ மேல பத்திரமா வச்சிருந்தேன்"னு முகமெல்லாம் சிரிப்பா நீட்டுறாங்க.

அவனுக்கு நாலு வயசு. அவனுக்காக வாங்கிட்டுப் போன புத்தகம் மூணு மாசமா அவன் தலைக்கு மேல, கைக்கு எட்டாத உயரத்துல, பையை விட்டு வெளியவே வராமக் கிடந்திருக்கு. "பரவால்லக்கா"ன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். பரவால்லையாம்! ராத்திரி பூரா தூக்கமே வரல. அதான் இங்க வந்து கொட்டுறேன்.

அக்காவைத் திட்டி என்ன ஆகப்போகுது? எங்க போனாலும் இதே கூத்துதான். புத்தகக் கண்காட்சிக்கு மகளைக் கூட்டிட்டுப் போனேன். அவளுக்கு ஆறு வயசு, இப்பத்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறா. ஒரு ஸ்டால்ல சிறுவர் புத்தகம் அத்தனையும் பளபளன்னு பிளாஸ்டிக் உறைக்குள்ள. ஒண்ணைத் தூக்கி, பிரிச்சுக் காட்டுங்கன்னேன். "பிரிக்கக் கூடாது மேடம், பிள்ளைங்க அழுக்காக்கிரும்." அப்ப எதைப் பாத்துய்யா நான் வாங்குறது? அட்டையில இருக்குற யானையையா? பக்கத்துக்கு எத்தனை வரி, எழுத்து எவ்வளவு பெருசு, வாக்கியம் வாயில நுழையுதா, இதெல்லாம் பாக்காம ஆறு வயசுப் பிள்ளைக்கு எப்படிப் புத்தகம் எடுக்குறது? கத்திரிக்காய் வாங்கும்போது கூட காம்பைத் திருப்பிப் பாக்குறோம்.

அடம்பிடிச்சாளேன்னு வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பிரிச்சா, "முயலானது மிகுந்த மனவேதனையுற்றது"ன்னு ஆரம்பிக்குது. எனக்குத்தான் மனவேதனை. வீட்டுல 'வந்துச்சு'ன்னு பேசுற பிள்ளை புத்தகத்துல 'வந்தது'ன்னு வாசிக்கணும், அது தமிழோட அமைப்பு, பழகிக்குவா. 'வருகை புரிந்தது'ன்னு எழுதச் சொன்னது யாரு? கடைசிப் பக்கத்துல கட்டம் கட்டி 'நீதி' வேற. முயல் பாவம் ஓடி ஒளிஞ்சு பிழைச்சு வந்திருக்கு, அதைக் கொஞ்ச நேரம் சந்தோஷமா இருக்க விட மாட்டாங்க, உடனே 'பெரியோர் சொல் கேள்'. சரி, அது தனிப் புலம்பல், இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம்.

காசு கொடுத்து ஏமாற வேணாம், நூலகத்துல எடுத்துக்கலாம்னு எங்க ஏரியா கிளை நூலகத்துக்குப் போனேன். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும். சொத்து வரியில ரூபாய்க்குப் பத்து காசு. அந்தக் காசுலதான் புத்தகம் வாங்குறாங்க. போனா, சிறுவர் பகுதின்னு ஒரு கண்ணாடி பீரோ. நல்ல நல்ல புத்தகமாத்தான் இருக்கு, கண்ணாடி வழியா தெரியுது. பூட்டு தொங்குது. பக்கத்துச் சுவர்ல எஸ்.ஆர். ரங்கநாதன் படம், பிளாஸ்டிக் மாலையோட.

எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. சீர்காழிக்காரர் அவர். 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில நூலகரா சேர்ந்தவர். 1931-ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதியைப் புத்தகமா எழுதினார், உலகம் பூரா நூலகப் படிப்புல அதைத்தான் சொல்லிக் கொடுக்குறாங்க. முதல் விதியே என்ன தெரியுமா? புத்தகம் பயன்படுத்துறதுக்குத்தான். அந்தக் காலத்துல ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோட கட்டி வச்சிருந்ததைப் பத்தியும் அதுல எழுதியிருக்கார். 1948-ல மெட்ராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்ததுக்குப் பின்னாடியும் அவரோட உழைப்பு இருக்கு. அவர் படத்துக்கு மாலையைப் போட்டுட்டு, பக்கத்துலயே பீரோவுக்குப் பூட்டைப் போட்டா என்ன அர்த்தம்? நாய் பெற்ற தெங்கம்பழம்.

நல்லா நாலு கேள்வி கேட்டுப்புடணும்னுதான் அந்த நூலகர்கிட்ட போனேன். அந்தம்மா ரொம்பப் பொறுமையா, "நான் என்னங்க செய்ய? ஸ்டாக் எடுக்கும்போது ஒரு புக் குறைஞ்சாலும் நான்தான் பதில் சொல்லணும், கைக்காசு கட்டணும். கிழிஞ்சிருந்தா அதுக்கு ஒரு லெட்டர். உங்க மகளுக்கு வேணும்னா திறந்து தாரேன், இங்கயே உக்காந்து பாக்கச் சொல்லுங்க"ன்னாங்க. என் கோபம் எல்லாம் புஸ்ஸுன்னு போச்சு. அவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. அம்பது பிள்ளைங்க தொட்டுக் கிழிஞ்ச புத்தகம் நஷ்டக் கணக்கு. ஒரு பிள்ளை கூடத் தொடாத புத்தகம் நல்ல கணக்கு. இந்தக் கணக்கைப் போட்ட ஆளுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?

அவங்க சாவியைத் தேடி எடுத்துத் திறந்து கொடுத்தாங்க. மகள் ஒரு ஆமை புத்தகத்தை எடுத்து உக்காந்தா. பக்கத்துல நின்னுக்கிட்டு நாங்க ரெண்டு பேரும், "மெதுவா, மெதுவா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். நானும்தான் சொன்னேன். ரெண்டாவது பக்கத்துலயே மூடி வச்சுட்டு "போலாம்மா"ன்னுட்டா. பின்ன? தலைக்கு மேல ரெண்டு பேர் நின்னு "மெதுவா"ன்னா உங்களால வாசிக்க முடியுமா?

கிழியத்தான் செய்யும்! அதை ஏன் யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க? சின்னப் பிள்ளைக்கான படப்புத்தகம் நிறைய பதினாறு பக்கமோ இருபத்துநாலு பக்கமோ, நடுவுல ரெண்டே ரெண்டு பின். நடுத்தாள் ஒரு வாரத்துல கையோட வந்துரும். ஆர்ட் பேப்பர் பாக்கத்தான் பளபளப்பு, மடிப்பு விழுந்த இடத்துல வெடிக்கும். கெட்டி அட்டையில வந்தா ரெண்டு வயசுப் பிள்ளை கடிச்சாக் கூடத் தாங்கும், ஆனா அந்த மாதிரி கடையில கேட்டா பத்துக்கு ஒன்பது இங்கிலீஷ் புத்தகமா எடுத்துப் போடுறாங்க. பிள்ளைக்குன்னு விக்கிற சாமானைப் பிள்ளை தொட்டாத் தாங்காதபடி செஞ்சுட்டு, பிள்ளை மேல பழி.

எங்க அத்தை வேற ஒரு கட்சி. புத்தகம் கால்ல பட்டா சரஸ்வதி கோச்சுக்கும், தொட்டுக் கண்ணுல ஒத்திக்கோம்பாங்க. அதுல எனக்குச் சண்டை இல்ல, நானும் ஒத்திக்கிற ஆள்தான். ஆனா சரஸ்வதி பூஜையில அடுக்கி வச்ச புத்தகத்தைக் கூட மறுநாள் எடுத்து வாசிக்கணும்னுதானே முறை? நாம வருஷம் பூரா பூஜையிலயே வச்சிருக்கோம்.

இவ்வளவு பேசுறேனே, நான் யோக்கியமா? போன பிறந்தநாளைக்கு நானூறு ரூபாய்க்கு, பக்கத்தைத் திறந்தா வீடு எழுந்து நிக்கிற புத்தகம் ஒண்ணு வாங்கினேன். ரெண்டே நாள்ல, "அம்மா கூட இருக்கும்போது மட்டும்தான்"னு எடுத்து மேல் தட்டுல வச்சேன். ஒரு வாரம் கழிச்சு மகள் கேட்டா, "அது உன் புக்கா?" பதில் சொல்லத் தெரியல. எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக் கூரை பிய்ஞ்சு போச்சு. இப்ப அந்த வீட்டுக்குள்ள தினமும் ஒரு எறும்பைக் குடி வைக்கிறா.

அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பிரதம் புக்ஸ்னு சிறுவர் புத்தகம் போடுற பதிப்பகம், 2015-லருந்து ஸ்டோரிவீவர்னு ஒரு இணையதளம் நடத்துறாங்க. தமிழ்லயும் நிறைய படக்கதை, இலவசம். தரவிறக்கலாம், அச்சடிக்கலாம், அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம், அனுமதி கொடுத்துத்தான் போட்டிருக்காங்க. வாசிப்பு நிலை ஒண்ணு, ரெண்டுன்னு பிரிச்சும் இருக்கு. முக்கியமா, அச்சடிக்கிறதுக்கு முன்னாடி முழுசா பிரிச்சுப் பாக்கலாம், எவனும் பிளாஸ்டிக் உறை போடல! மொழிபெயர்ப்பு சிலது கரடுமுரடா இருக்கும், தேடித்தான் எடுக்கணும். தெருமுனை ஜெராக்ஸ் கடையில கலர்ல எடுத்து ஸ்பைரல் போட்டா ஒரு புத்தகம். கிழிஞ்சா அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்துக்கலாம். போன மாசம் அப்படி நாலு போட்டேன். ஒண்ணுல மகள் புலிக்கு மீசை வரைஞ்சு வச்சிருக்கா, இன்னொண்ணுல ரசம் வாசம் அடிக்குது.

அந்த ரசப் புத்தகத்தைத்தான் நாளைக்குக் கீழ்வீட்டுக்குக் கொடுத்து விடப்போறேன். அக்கா மறுபடியும் பீரோ மேல ஏத்திருவாங்களோன்னு ஒரு பயம். அதனால இப்பவே அட்டையோட ஒரு மூலையை நானே மடக்கி வச்சுட்டேன்.