நகர மையத்தில் ஒரு புதிய பூங்கா: விழா இல்லாத நாட்களை யார் வரைகிறார்கள்?

நகரின் மையப்பகுதியில் கலை நிகழ்ச்சிகளுக்கும் பொழுதுபோக்குக்கும் சமூக விழாக்களுக்குமாக ஒரு பொதுப் பூங்கா அமையப்போகிறது என்ற அறிவிப்பு எந்த ஊரில் வெளிவந்தாலும், கூடவே வரும் மாதிரிப் படம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அந்தி நேரம், ஒளிவெள்ளத்தில் மேடை, புல்தரை நிறைய மக்கள், தந்தையின் தோள்மீது ஒரு குழந்தை. அந்தப் படத்தில் சாதாரண செவ்வாய்க்கிழமையின் பிற்பகல் இரண்டு மணி ஒருபோதும் இடம்பெறுவதில்லை. ஆனால் அந்தப் பிற்பகலை வைத்துத்தான் ஒரு பூங்காவை மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாரந்தோறும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தவறாமல் விழா நடத்தினாலும் ஆண்டுக்கு 104 நாட்கள்தான் ஆகும். மீதி 261 நாட்களுக்கு அந்த இடம் எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்லாத வரைபடத்தை முழுமையான திட்டமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

பெருங்கூட்டத்தை மனத்தில் வைத்து அமைக்கப்படும் திறந்தவெளி, கூட்டம் இல்லாதபோது பெரும்பாலும் வெயில் காயும் கற்பாவிய தளமாகவே எஞ்சுகிறது. மேடையை மறைக்கும் என்று மரங்களைத் தவிர்க்கிறார்கள். லாரி திரும்ப இடம் வேண்டும் என்று இருக்கைகளை ஓரத்துக்குத் தள்ளுகிறார்கள். கூட்ட நெரிசலுக்கு ஆகாது என்று நடைபாதை விளிம்புகளில் இருந்த சிறு திண்டுகளையும் எடுத்துவிடுகிறார்கள். இந்த முடிவுகளைத் தனித்தனியே பார்த்தால் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். எல்லாம் ஒன்றுசேரும்போது, அலுவலக இடைவேளையில் அரை மணி நேரம் அமர்ந்து வரலாம் என்று நினைப்பவருக்கு அங்கே ஓரிடமும் இருப்பதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை அன்று. நியூயார்க் நகரத்தின் 1961ஆம் ஆண்டு கட்டட விதிகள், தரைமட்டத்தில் பொதுச் சதுக்கம் விட்டுக்கொடுக்கும் கட்டடங்களுக்குக் கூடுதல் தளப்பரப்பை ஊக்கமாக அளித்தன. சதுக்கங்கள் ஏராளமாக உருவாயின. அவற்றில் பலவற்றை மக்கள் கடந்து சென்றார்களே தவிர யாரும் தங்கவில்லை. வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970களில் இந்தச் சதுக்கங்களைக் கேமரா வைத்து மணிக்கணக்கில் படமெடுத்து, மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே அமர்கிறார்கள் என்று பொறுமையாகக் கணக்கெடுத்தார். கட்டடக் கலைஞர்களுக்கு அவர் அளித்த விடை கேட்பதற்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்: உட்கார இடம் இருக்கும் இடத்தில் மக்கள் உட்காருகிறார்கள். இந்த ஆய்வை ஒட்டி 1975இல் விதிகள் திருத்தப்பட்டு, சதுக்கத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓர் அடி நீள இருக்கை கட்டாயமாக்கப்பட்டது.

வைட் கவனித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, நகர்த்தக்கூடிய நாற்காலியை மக்கள் கையாளும் விதம். வருபவர் நாற்காலியைப் பிடித்து ஓரிரு அங்குலம் இழுக்கிறார், சற்றுத் திருப்புகிறார், சில நேரம் அது பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது, அதன் பிறகுதான் அமர்கிறார். வெயிலுக்கோ நிழலுக்கோ அந்த அசைவால் பெரிய வேறுபாடு இல்லை. இந்த இடத்தை நான் தேர்ந்துகொண்டேன் என்ற நிறைவும், பக்கத்தில் இருப்பவருக்கு ஓர் அமைதியான மரியாதையும் அதில் இருக்கின்றன. தரையோடு பொருத்தப்பட்ட கான்கிரீட் திண்டில் இது முடியாது. நாற்காலிகள் திருடுபோகும் என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தடை. சில திருடுபோகத்தான் செய்யும். அந்தச் செலவு, ஒரே ஒரு இரவு விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒளி அமைப்பின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கைகளின் நடுவே இரும்புக் கைப்பிடி வைக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அது உறங்க வருபவரை மட்டும் விரட்டுவதில்லை, முதுகு வலியோடு வரும் முதியவரையும் சேர்த்தே விரட்டுகிறது.

நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவின் வரலாற்றை நகரப் பூங்கா பற்றிப் பேசும் எவரும் ஒருமுறையேனும் படித்துவிடுவது நல்லது. தெருமட்டத்திலிருந்து உயர்ந்து, இரும்பு வேலியும் அடர்ந்த புதர்களும் சூழ இருந்த அந்தப் பூங்கா 1970களில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக மாறியிருந்தது. அங்கே செல்லச் சாதாரண மக்கள் அஞ்சினார்கள். வெளியிலிருந்து உள்ளே பார்க்க முடியாததும், உள்ளிருந்து சட்டென்று வெளியேற வழி இல்லாததும்தான் முதன்மையான சிக்கல் என்றார் வைட். 1988இல் மூடப்பட்டு 1992இல் மீண்டும் திறக்கப்பட்டபோது புதர்கள் அகற்றப்பட்டிருந்தன, நுழைவழிகள் கூடியிருந்தன, நகர்த்தக்கூடிய நாற்காலிகள் பரப்பப்பட்டிருந்தன, கழிப்பறை தூய்மையாகப் பராமரிக்கப்பட்டது. பூங்காவை மீட்டதில் பெரும்பங்கு இந்தச் சிறு மாற்றங்களுக்கே உரியது. ஓர் இடம் நன்றாக நடக்கிறதா என்று அறிய, அங்கே பெண்கள் எந்த அளவில் இருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பது வைட்டின் இன்னொரு முடிவு. அந்த அளவுகோலை இன்று எந்தப் பூங்காவிலும் எவரும் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அதே பிரையன்ட் பூங்கா மறுபக்கத்தையும் காட்டியது. 1993 முதல் 2010 வரை ஆடை அலங்கார வாரத்தின் கூடாரங்கள் ஆண்டுக்கு இருமுறை அதன் புல்வெளியை நிரப்பின. பொதுமக்களின் இடம், அழைப்பிதழ் உள்ளவர்களின் இடமாகச் சிறிது காலம் மாறியது. சிகாகோவின் மில்லேனியம் பூங்கா 2004இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஒரு கார் நிறுவனம் 8 லட்சம் டாலர் கொடுத்து அதன் பெரும்பகுதியை ஒரு நாள் முழுவதும் தன் நிகழ்ச்சிக்காக எடுத்துக்கொண்டது. பூங்காவைப் பராமரிக்கப் பணம் வேண்டும், வாடகை அதற்கு உதவுகிறது என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் பராமரிப்புச் செலவை நிகழ்ச்சி வருமானத்தின்மீது மட்டுமே ஏற்றி வைத்தால், நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சில நாட்களை விற்கும் நெருக்கடிக்குத் தள்ளப்படும். பாஸ்டனின் போஸ்ட் ஆபீஸ் சதுக்கத்தில் பழைய வாகன நிறுத்தக் கட்டடத்தை இடித்து, நிலத்தடியில் புதிய நிறுத்தம் கட்டி, அதன் மேலே பூங்கா அமைத்தார்கள். கீழே வரும் கட்டணம் மேலே உள்ள பசுமையைப் பேணுகிறது. வருமானத்துக்காகப் பூங்காவின் கதவைச் சாத்தத் தேவையில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

புல்தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்பந்தங்களில் அது கடைசி வரியாகவே வருகிறது. பெரிய விழா முடிந்து மேடைப் பலகைகளை எடுத்தபின் அந்த இடத்தைப் பாருங்கள்: பலகை கிடந்த அளவுக்கு நீள்சதுரமாக மஞ்சள் பூத்த புல், லாரிச் சக்கரம் பதிந்த இரண்டு கோடுகள், அந்தக் கோடுகளில் தேங்கிய நீர். கண்ணுக்குத் தெரியும் மஞ்சளைவிடக் கீழே நடப்பதுதான் தீவிரமானது. ஆயிரக்கணக்கான கால்களும் வண்டிகளும் மண்ணை அழுத்தும்போது மண்துகள்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் குறைகிறது. வேருக்குக் காற்றும் நீரும் போய்ச் சேர்வதில்லை. புல்லை மாற்றிவிடலாம், மரத்தின் வேர்ப்பகுதி இறுகிவிட்டால் அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே கிளை காய்ந்து தெரியவரும், அப்போது எந்த விழாவையும் யாரும் பொறுப்பாக்க முடியாது. டல்லஸின் கிளைட் வாரன் பூங்கா போல நெடுஞ்சாலைக்கு மேலே தளம் போட்டு அமைக்கும் இடங்களில் மண்ணின் ஆழமே அளவாகத்தான் கிடைக்கும் என்பதால் இந்தக் கவலை அங்கே இரட்டிப்பாகிறது. விழாக்களுக்கு இடையே புல்தரைக்கு ஓய்வு நாட்கள், கனரக வண்டிக்குத் தனிப்பாதை, மரத்தடியில் பொருள் அடுக்கத் தடை ஆகிய மூன்றும் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கலை நிகழ்ச்சிகளைக் குறைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கலையைப் பெருமேடையோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பதுதான் எனக்கு உடன்பாடில்லை. மில்லேனியம் பூங்காவின் பிரிட்ஸ்கர் அரங்கில் புல்வெளிக்கு மேலே குழாய்களால் பின்னிய பெரும் பந்தல் ஒன்று உண்டு. அதில் தொங்கும் ஒலிபெருக்கிகள் ஒலியைப் பரவலாகப் பகிர்ந்தளிப்பதால் கடைசியில் அமர்ந்திருப்பவருக்கும் இசை தெளிவாகக் கேட்கிறது, முன்வரிசையின் காதும் பிளப்பதில்லை. அருமையான ஏற்பாடுதான். அதுபோன்ற ஒன்றைக் கட்ட எல்லா நகரங்களாலும் இயலாது. இயன்றாலும் அதில் ஏற இடம் கிடைப்பது சிலருக்கே. பத்துப் பேர் கொண்ட நாடகக் குழுவுக்கு வேண்டியது அதைவிட மிகவும் எளிது: தரையிலேயே ஒரு மின் இணைப்புப் பெட்டி, நிழல், மழைநீர் தேங்காத தளம், எளிய அனுமதி. மின் இணைப்பு தரையில் இருந்துவிட்டால் ஜெனரேட்டரின் இரைச்சலும் புகையும் இல்லை, வாடகையும் இல்லை. நாலைந்து படிகள் கொண்ட ஒரு சிறு அரைவட்டம், நிகழ்ச்சி இருக்கும்போது அரங்கு, இல்லாதபோது மதிய நேரத்து இருக்கை. இந்த இரட்டைப் பயன் பெருமேடைக்குக் கிடையாது. ஆள் இல்லாத நாளில் அது பூட்டிய கொட்டகைதான்.

ஆகவே ஒரு புதிய பூங்காவுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைப்பவர்கள், சிற்பத்தின் உயரத்தையும் நீரூற்றின் நிறத்தையும் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்காமல், ஆண்டு நாட்காட்டியைக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை நாட்கள் கட்டண நிகழ்ச்சிக்கு விடப்படும், பந்தல் போடும் நாளும் பிரிக்கும் நாளும் அந்தக் கணக்கில் சேருமா, அந்த நாட்களில் பொதுமக்களுக்கு எந்தப் பகுதி திறந்திருக்கும், இரவு எத்தனை மணிக்கு ஒலிபெருக்கி நிற்கும், கழிப்பறையின் சாவி விழா இல்லாத நாளில் யாரிடம் இருக்கும் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். மாதிரிப் படத்தைக் காட்டுபவரிடம், அதே கோணத்தில் வார நாளின் நண்பகலையும் வரைந்து தரும்படி கேட்பதிலும் தவறில்லை.