புக்கிட் மெலாவாத்தியிலிருந்து கொஞ்சம் கீழேயும் இறங்குவோமே

தீபாவளிக்கு உறவுக்காரர்கள் வந்துவிட்டால் எங்கள் புக்கிட் ரோத்தான் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஒரே திட்டம்தான். கோல சிலாங்கூர் போய் புக்கிட் மெலாவாத்தி ஏறுவது, பயற்றங்காயும் ரொட்டியும் வாங்கி லோத்தோங் குரங்குகளுக்குக் கொடுப்பது, படம் எடுப்பது, இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்ப்பது. அப்புறம் வீடு.

அதே மலையின் அடிவாரத்தில் இயற்கைப் பூங்கா இருக்கிறது. மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் 1987இல் உருவானது. உள்ளே ஏரி, பறவை பார்க்கும் மறைவிடங்கள், அந்தப் பக்கம் பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு. மேலே அத்தனை தமிழ்க் குரல் கேட்கிற நாளிலும் கீழே நம் முகங்கள் அபூர்வம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் நாம் மலை ஏறுகிற அந்த அக்டோபர், நவம்பர்தான் கீழே பறவை விருந்தாளிகள் வந்திறங்கும் காலம்.

நமக்கு இலையுதிர் காலம் கிடையாது, சரி. ஆனால் சைபீரியாவிலும் வட சீனாவிலும் குளிர் தொடங்கினால் அதன் விளைவு நம் கடற்கரையில் தெரியும். கிழக்காசிய–ஆஸ்திரேலிய வலசைப் பாதையில் 22 நாடுகளைக் கடந்து 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் போய் வருகின்றன. சிலாங்கூரின் சேற்றுக் கரை அந்தப் பாதையில் ஒரு சாப்பாட்டுக் கடை. 2022 அக்டோபரில் ஐந்தே மாதம் ஆன பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவில் கிளம்பி, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா சேர்ந்தது. அதே இனப் பறவை நம் சிலாங்கூர் கரைக்கும் வருகிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

பூங்கா வரை போக நேரமில்லையா? தோட்டத்துக் கால்வாய் ஓரமாக நில்லுங்கள். புறாவைவிடச் சிறிய பறவை ஒன்று தனியாக நடந்துகொண்டிருக்கும். முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. அந்த வெள்ளை இறக்கைக்கு முன்னால் தோள்பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும். நின்றாலும் நடந்தாலும் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். கிட்டே போனால் தண்ணீரை ஒட்டியே பறக்கும்: இறக்கையைப் படபடவென்று அடிக்கும், அப்படியே சற்று மிதக்கும், மறுபடி அடிக்கும். அதுதான் உள்ளான். வடக்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு நம் கால்வாய்க்குப் பிழைக்க வந்திருக்கிறது. வேலிக் கம்பியில் உட்கார்ந்து, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டையோடு புழு பூச்சிக்குக் காத்திருக்கும் பழுப்புக் கீச்சானும் இந்த மாதங்களில் வரும் விருந்தாளிதான்.

“இதெல்லாம் பெரிய கேமரா வைத்திருக்கிற காசுக்காரர்கள் வேலை” என்று நம்மில் பலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் அத்தையை ஒரு முறை பூங்காவுக்கு அழைத்துப் போனேன். நாங்கள் எல்லாரும் வெறும் வேர்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர், “அந்தக் குச்சி நகருது பாருடா” என்றார். குச்சியல்ல, மீனுக்காகக் குனிந்து நின்ற ஒரு சின்னக் கொக்கு. செம்பனை மரங்களுக்கு நடுவே கூகைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துவதைப் பார்த்தே வேலை செய்தவர் அவர். கூகை கத்தினால் ஆகாது என்று ஊரே பயந்தாலும், எலி தின்னும் அந்தப் பறவை தோட்டத்துக்கு என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்படிப்பட்ட கண்கள் தோட்டப்புறத்தில் ஏராளம். அவர்கள் இருக்கும்போதே பேரப்பிள்ளைகளை அவர்களோடு அனுப்ப வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லோத்தோங் குட்டி ஆரஞ்சு நிறத்தில் அம்மா வயிற்றைப் பிடித்துத் தொங்குவதைப் பார்க்க எனக்கும் ஆசைதான். பாருங்கள், ஊட்டாதீர்கள். இலை தின்னும் குரங்குக்கு ரொட்டி எதற்கு? கொடுத்துப் பழக்கிவிட்டுப் பிறகு “பையைப் பறிக்குது” என்று திட்டுவது நியாயமில்லை. கை நீட்டாமல் வெறுமனே பார்த்து ரசிப்பதற்குப் பறவைகள் நல்ல பழக்கம் கொடுக்கும்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சுற்றுலா மிருகக்காட்சிசாலைக்கோ தண்ணீர்ப் பூங்காவுக்கோ போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்டோபரில் ஒரு காலைப்பொழுதை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். இரண்டு மூன்று பைனாகுலர் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கடல் பெருக்கு நேரத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள். வற்றியிருக்கும்போது பறவைகள் தூரச் சேற்றில் பரவி மேயும். தண்ணீர் ஏற ஏறத்தான் கரைப்பக்கம் நெருங்கி வந்து கூட்டமாக ஒதுங்கும். தஞ்சோங் காராங் வயலில் தண்ணீர் நிற்கிற சமயமாக இருந்தால் திரும்பும் வழியில் அங்கேயும் நிறுத்துங்கள், வரப்போரம் உள்ளான் வகைகள் கிடைக்கும். மதியத்துக்கு மேல் மழை வந்துவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள். நீளக்கை சட்டை கட்டாயம், பாக்காவ் காட்டுக் கொசு பொல்லாதது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் யாராவது ஏற்பாடு செய்தால் இங்கே எழுதுங்கள். என் பைனாகுலரோடு நானும் வருகிறேன், அத்தையையும் கூட்டி வருகிறேன்.