“பழைய முறை” அதுவல்ல

ஐரிஷ் மரபுப் பாட்டில் பிடில் தாளத்தைப் பிடித்துக்கொடுக்கும், பாடகர் அதற்குள் அடங்கிப் பாடுவார், அதுவே பழைய முறை என்று எழுதியிருக்கிறீர்கள். நடன மெட்டுகளுக்கு வேண்டுமானால் தாளம் பிடித்துக்கொடுப்பது சரி. ஆனால் மேற்கு அயர்லாந்தின் கானமாரா போன்ற ஐரிஷ் மொழிப் பகுதிகளின் ‘ஷான் நோஸ்’ பாட்டு (பெயரின் பொருளே ‘பழைய பாணி’) காலங்காலமாகத் துணைக்கருவி இன்றி, ஒற்றைக் குரலில் பாடப்படுவது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடாவின் குழு அத்தகைய பாடகரையும் வாத்தியங்களுடன் மேடையேற்றியது, அது புதுமை.

இன்று பிடில் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் அடியின் கடைசிச் சொல்லைப் பாடகர் நினைத்தபடி நீட்டிச் சுழற்றுவார். அந்த இடத்தில் பிடிலும் தன் அலங்காரத்தைச் சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பாட்டின் ஆதார சுருதியை மட்டும் மெல்ல இழுத்தபடி, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருங்கள்.

சுருதியும் பாடகருடையதுதான். மேற்கத்திய ‘டி’ சுருதி பிடிலில் வாசிக்கச் சுலபம் என்பது அவர் தொண்டைக்குத் தெரியாது! அவர் டி சுருதியிலேயே பாடினால், மெட்டில் ‘சி’ ஸ்வரம் இயல்பா, ஷார்ப்பா (அரை ஸ்வரம் உயர்ந்ததா) என்பதையும் முதலில் கேட்டுவிடுங்கள். இயல்பான சி வரும் பாட்டுகள் ஏராளம்.