புறாக்காலில் கட்டிய விதிமுறை

வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக்கூண்டு பார்த்து வளர்ந்தவன் நான். பார்ப்பது நெட்வொர்க் வேலை. அதனால் ஆர்.எஃப்.சி. 1149 என்ற கேலி விதிமுறை மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. இணையத்தின் விதிமுறைகள் நம்பர் போட்டு வெளியாகும் அதே ஆர்.எஃப்.சி. வரிசையில், அதே அச்சில், 1990 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினத்தன்று டேவிட் வெயிட்ஸ்மன் எழுதி வந்தது. டேட்டா பாக்கெட்டை, அதாவது இணையத்தில் போகும் தகவல் துண்டை, புறா மூலம் அனுப்பும் முறை! பாக்கெட்டைச் சின்னக் காகிதச் சுருளில் அச்சடித்து, புறாவின் ஒரு காலில் சுற்றி, டேப் ஒட்ட வேண்டும். ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பொதுவாக 256 மில்லிகிராம். புறாவுக்கு வயசாக ஆக இந்த அளவு கூடுமாம்.

விழுந்து விழுந்து சிரிக்க வைப்பது அந்த நடைதான். நிஜ விதிமுறை எப்படி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பேசுமோ, அப்படியே பேசுகிறது.

2013 ஏப்ரல் 1 அன்று அதே வரிசையில் வந்த ஆர்.எஃப்.சி. 6919 இன்னும் நேரடி. எதைக் கட்டாயம் செய்ய வேண்டும், எதைச் செய்தால் நல்லது, எது அவரவர் விருப்பம் என்று 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2119 என்ற நிஜ விதிமுறை வரையறுத்திருந்தது. 6919 அதோடு புதிதாகச் சேர்த்த வகைகளில் ஒன்று: 'கட்டாயம் (ஆனால் செய்யமாட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்)'. எந்தக் கமிட்டி மேஜையிலும் எல்லோர் மனசிலும் ஓடுவது இதுதான். அதைத் தன் வரிசையிலேயே நம்பர் போட்டு வெளியிட விடும் உலகத்தை நான் மதிக்கிறேன். நம்மூரில் நடைமுறையைக் கிண்டல் செய்தால் உடனே 'பொறுப்பில்லாதவன்' என்பார்கள்.

ஒரு அலுவலகத்துக்கு கேபிளிங் ஸ்பெசிஃபிகேஷன், அதாவது நெட்வொர்க் கேபிள் எப்படி இழுக்க வேண்டும் என்ற விதிமுறை, எழுதிய குழுவில் நானும் இருந்தேன். போன கூட்டத்தின் மினிட்ஸை ஒப்புக்கொள்வதிலேயே சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிறகு பத்தி எண் 4.2இன் கீழ் 'அ' வருமா, 'i' வருமா என்று ஒரு விவாதம். கட்டடம் இருப்பதோ ராயபுரத்தில், கடற்கரையை ஒட்டி. உப்புக் காற்றில், கேபிளைச் செருகும் ஜாக்கின் பின்னில் களிம்பு ஏறி லைன் விட்டு விட்டு வரும் என்பது அந்த ஏரியாவில் கேபிள் இழுக்கும் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும். அவர்களில் ஒருவரையும் அந்த அறைக்குள் கூப்பிடவில்லை. எனக்கு அதுதான் பெரிய கோபம்.

எங்கள் தெருவில் ஹோமர் என்ற பந்தயப் புறா வளர்க்கும் அண்ணனிடம் 1149ஐத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அவர் சிரிக்கவே இல்லை.

"கால்ல டேப்பு ஒட்டுனா கொத்திக் கொத்திப் பிச்சுப் போட்டுடும்பா. பந்தயத்துக்கு நாங்க ரப்பர் ரிங்குதான் போடுவோம். அப்புறம் இன்னொண்ணு, அது தன் கூண்டுக்குத்தான் வரும். நீ சொல்ற எடத்துக்கு எப்டிப் போவும்? அந்த எடத்துப் புறாவ முன்னாடியே இங்க கொணாந்து வெச்சிக்கணும்."

இரண்டு பிழை பிடித்துக் கொடுத்துவிட்டு கூண்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார். எந்தக் கமிட்டியிலும் இவ்வளவு உருப்படியான மறுப்பை நான் கேட்டதில்லை.

1149ஐ 2001 ஏப்ரல் 28 அன்று நார்வேயின் பெர்கன் நகரத்தில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தார்கள். செய்தது லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் அந்த ஊர்க் குழு, கூடவே அங்கே இருந்த ஒரு புறா சங்கம். 9 பாக்கெட் அனுப்பினார்கள், 4க்குப் பதில் வந்தது. சீக்கிரம் வந்த பதிலுக்கே 3,212 வினாடி, கடைசியாக வந்ததற்கு 6,389 வினாடி. கம்ப்யூட்டர் ஆட்களால் மட்டும் அது நடந்திருக்காது. புறாவைக் கையில் பிடிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்றதால் நடந்தது.

விதிமுறைக் குழுக்களில் இருக்கும் நண்பர்களே, உங்கள் நடைமுறையை வருஷத்தில் ஒருநாள் நீங்களே கிண்டல் செய்து எழுதுங்கள். எந்தப் பத்தி வெறும் சடங்கு என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும். வேலை செய்கிறவனையும் மேஜைக்குக் கூப்பிடுங்கள். என்னை அடுத்த முறை அழைத்தால், கேபிள் இழுக்கும் ஒருவரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன். இல்லையென்றால் நானே ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருவேன்.