டெக்சாஸ் சட்டத்தில் டாலர் கிடையாது

"டெக்சாஸில் ஃபேஸ்புக் உங்கள் பதிவைத் தூக்கினால் கேஸ் போட்டு ஒரு லட்சம் டாலர் வாங்கலாம், சுப்ரீம் கோர்ட்டே சரி என்று சொல்லிவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. அந்த ஒரு லட்சம் ஃபுளோரிடா 2021-ல் போட்ட சட்டத்தில் வருவது, அதுவும் உச்சவரம்பு. டெக்சாஸின் எச்பி 20 (கருத்து பிடிக்கவில்லை என்று தளங்கள் பதிவைத் தூக்கக் கூடாது என்கிற சட்டம்), அமெரிக்காவில் மாதம் 5 கோடிப் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களுக்கு மட்டும். வழக்குப் போடலாம்தான், ஆனால் ஜெயித்தால் தளத்துக்கு ஒரு கோர்ட் உத்தரவு, உங்களுக்கு வழக்குச் செலவும் வக்கீல் ஃபீஸும், அவ்வளவுதான், நஷ்டஈடு என்ற பேச்சே அதில் இல்லை.

அப்புறம் சுப்ரீம் கோர்ட். 2024 ஜூலை 1 அன்று இந்த இரண்டு மாநிலச் சட்டங்களையும் எதிர்த்த வழக்குகளில் கீழ்க் கோர்ட் தீர்ப்புகளை ரத்து செய்து, திரும்ப விசாரியுங்கள் என்று அனுப்பியது. சட்டம் செல்லும் என்றும் சொல்லவில்லை, செல்லாது என்றும் சொல்லவில்லை. (தளங்கள் ஜெயித்துவிட்டன என்று குதிப்பவர்களுக்கும் இதே அவசரம்தான்.) ஆனால் சொன்ன வரைக்கும் தளங்கள் பக்கம்தான் சாய்ந்தது: ஃபீடில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதும் பேச்சுரிமையில் சேரும், டெக்சாஸ் பக்கம் நின்ற ஐந்தாவது சர்க்யூட் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டுக்குக் கீழே உள்ள மேல்முறையீட்டு கோர்ட்) அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று நீதிபதி எலெனா கேகன் எழுதிய தீர்ப்பிலேயே இருக்கிறது.