பெண் உடம்பு என்றால் கலை, ஆண் உடம்பு என்றால் சங்கடமா?

சனிக்கிழமை எங்கள் புகைப்படக் கிளப் கண்காட்சியில், நான் எடுத்த ஓர் ஆணின் நிர்வாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். என்ன நடந்தது என்று என் பக்கத்தைத் தொடர்பவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஏற்பாட்டாளர் வாட்ஸ்அப் குழுவில் போட்ட விளக்கத்தைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குடும்பத்தோடு வருவார்களாம், பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருக்குமாம். சரி. என் படம் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் இளம்பெண் ஆடையில்லாமல் சன்னல் வெளிச்சத்தில் படுத்திருக்கும் படம் இருந்ததே, அது யாருக்கும் சங்கடம் தரவில்லையா? அந்த வரிசை முழுக்கப் பெண்கள். எடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அதில் இருந்த ஒரே ஓர் ஆணின் படம் நான் எடுத்தது, அதைத்தான் கழற்றினார்கள். அதிலும் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், மறைக்க வேண்டியது எதுவும் தெரியாது.

நான் கேட்பது ஒன்றுதான். பெண் உடம்பு கலை என்றால் ஆண் உடம்பும் கலை. ஆண் உடம்பு சங்கடம் என்றால் பெண் உடம்பும் சங்கடம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

உடனே சட்டத்தைக் காட்டுகிறார்கள். சிங்கப்பூரில் பொது இடத்தில் நிர்வாணமாக நின்றால் குற்றம், சொந்த வீட்டுக்குள் நின்றாலும் வெளியே இருப்பவர் கண்ணில் பட்டால் குற்றம், 2,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் கிடைக்கலாம். அதனால்தான் ஸ்டுடியோவில் திரைச்சீலையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறோம். ஆனால் அந்தச் சட்டம் ஆண், பெண் என்று பிரித்துப் பேசவில்லை. யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்கிறது. பிரிப்பது நம் கண்.

இது நம் ஊரில் மட்டும் இருக்கும் வியாதி இல்லை என்பதும் தெரியும். 1989-ல் கெரில்லா கேர்ள்ஸ் என்ற கலைஞர் குழு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒரு போஸ்டர் போட்டது. அங்கே நவீனக் கலைப் பிரிவில் இருந்த கலைஞர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் நிர்வாணப் படைப்புகளில் 85 விழுக்காடு பெண் உடல்கள். லண்டன் ராயல் அகாடமி கலைப் பள்ளியில் 1893 வரை மாணவிகளை நிர்வாண மாடல் வகுப்புக்குள்ளேயே விடவில்லை, விட்ட பிறகும் ஆண் மாடலின் இடுப்பில் துணி இருந்தாக வேண்டும். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜன் கன்னிங்ஹாம் 1915-ல் ரெய்னியர் மலையில் தன் கணவரையே ஆடையில்லாமல் நிறுத்திப் படம் எடுத்தார், அது வெளிவந்ததும் சியாட்டிலில் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். 2012-ல் வியன்னாவில், லியோபோல்ட் அருங்காட்சியகத்தின் ஆண் நிர்வாணக் கண்காட்சிப் போஸ்டருக்குப் புகார் குவிந்து, அதில் இருந்த மூன்று ஆண்களின் இடுப்பில் சிவப்புப் பட்டை ஒட்டினார்கள். பெண் நிர்வாணத்தை நூற்றாண்டுக்கணக்கில் சுவரில் மாட்டிவைத்த ஐரோப்பாவிலேயே இந்த நிலைமை.

இப்போது என் படத்தில் இருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அறுபதைத் தாண்டியவர். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், கழுத்துக்குக் கீழே தொடங்கி நெஞ்சுக்குழி வரை ஒரு தழும்பு, மேலே மெல்லிசாகவும் கீழே போகப்போகக் கயிறு மாதிரி தடித்தும் இருக்கும். படம் எடுக்கும்போது அவர் மனைவியும் கூட இருந்தார். மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு, மடியில் கணவரின் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அண்ணனுக்குக் குளிரெடுத்தது, ஏர்கானை நிறுத்தினோம். முதலில் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, மூச்சு விடுங்க" என்றேன். அவர் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு கீழே பார்த்தபோதுதான் அந்தப் படம் கிடைத்தது. பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு விளக்கு. தழும்பு, தோல் சுருக்கம், கையில் நரம்பு எல்லாம் தெரியும்.

சனிக்கிழமை அவர் மனைவியோடும் மகளோடும் வந்திருந்தார். படத்தைத் தேடியிருக்கிறார். "என் உடம்பு அவ்வளவு அசிங்கமாவா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்த ஏற்பாட்டாளர் எனக்குச் சொல்லித் தரட்டும்.

பெண் உடம்புதான் அழகு, அதனால்தான் எடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள் சிலர். ஓர் ஆணின் முதுகை, தோள்பட்டை எலும்பை, நல்ல வெளிச்சத்தில் நீங்கள் என்றைக்காவது நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்க்காமலே எப்படி முடிவு செய்தீர்கள்? உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள், நான் தடுக்கவில்லை. உங்கள் பிடித்தத்தை அழகின் சட்டமாக்காதீர்கள் என்கிறேன்.

ஆண் மாடல் கிடைப்பதில்லை என்கிறார்கள். இது உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன், எனக்கும் அலைந்துதான் கிடைத்தார். ஆனால் ஏன் கிடைப்பதில்லை? ஆணும் ஆணும் உறவுகொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை 2022-ல் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. ஆனால் ஒருவர் கேமரா முன்னால் சட்டையைக் கழற்றினால் "அவன் அந்த மாதிரியா?" என்று கேட்பது இன்னும் நீங்கவில்லை. அந்தப் பயத்தையும் மீறி வருகிற ஒருவரின் படத்தையும் கழற்றி வைத்தால் அடுத்தவர் எப்படி வருவார்?

பெண் மாடல்கள் சம்மதித்துத்தானே வந்தார்கள், பணம் வாங்கினார்கள்தானே என்பவர்களுக்கு: அந்தப் பெண்களை நான் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை. திரும்பப் படித்துப் பாருங்கள்.

என்னை உண்மையில் வலிக்க வைத்தது நம்மவர்கள் எழுதியதுதான். தமிழ்ப் பெண் செய்கிற வேலையா இது, வீட்டில் கேட்க ஆள் இல்லையா, புருஷன் என்ன செய்கிறான் என்றெல்லாம். பெண்ணை நிர்வாணமாக எடுத்த தமிழ் ஆண்களும் அந்தச் சுவரில் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் கேட்க ஆள் இருக்கிறதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. நம் பண்பாடு என்கிறீர்கள். தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டுப் பிச்சாடனர், பிச்சை எடுக்கும் கோலத்தில் சிவன், நிற்கிறாரே, உடம்பில் துணியா இருக்கிறது? கழுகுமலையில் பாறையில் செதுக்கிய சமணத் தீர்த்தங்கரர்கள் என்ன உடுத்தியிருக்கிறார்கள்? சதை வற்றி, விலா எலும்பு தெரிய, தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரைச் செப்பில் வார்த்துக் கும்பிட்டவர்கள் நாம். இளமையும் வளைவும் இருந்தால்தான் உடம்பு என்று அந்தச் சிற்பிகள் நினைக்கவில்லை. ஆண் உடம்பை, வயசான உடம்பை, நோய்பட்ட உடம்பைப் பார்க்கத் தெரிந்த பரம்பரையில் வந்துவிட்டு, ஒரு தழும்பைப் பார்த்ததும் எனக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

அடுத்த கிளப் கூட்டத்தில் இதை நேரிலேயே கேட்கப் போகிறேன். கண்காட்சி முடிவதற்குள் அண்ணனின் படம் அந்த வரிசைக்குத் திரும்ப வர வேண்டும். முடியாது என்றால், எது காட்டலாம், எது கூடாது என்று எழுத்தில் தர வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதியாக. அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு "நீங்க சொல்றது சரிதான்க்கா" என்று சொன்னவர்கள் சிலர் இருக்கிறீர்கள். கூட்டத்துக்கு வாருங்கள், அதை எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்.