மாவு புளிச்சா கையைக் குறை சொல்லாதீங்க, சேலத்து வெயிலைப் பாருங்க

"8 முதல் 12 மணி நேரம் புளிக்க விடவும்." இட்லி மாவுக்கு எந்தச் செய்முறையை எடுத்தாலும் கடைசியில் இந்த ஒரு வரிதான். எந்த ஊரில்? எந்த மாதத்தில்? எத்தனை டிகிரியில்? ஒரு வார்த்தை கிடையாது. சித்திரை மாதத்துச் சேலத்தில் இந்த வரியை நம்பிப் படுத்தால், காலையில் மாவுப் போசியைத் திறக்கும்போதே புளிப்பு வாடை மூக்கில் ஏறும். பொங்கி வழிந்து காய்ந்த தடம் வெளியே, அமுங்கிப்போன மாவு உள்ளே, கரண்டி விட்டால் தனியாகப் பிரிகிற தண்ணி. ஒரு கிலோ அரிசி பருப்பும், ஆட்டின உழைப்பும் அதோடு போச்சு.

அதைவிட வயிறு எரிவது அடுத்து வரும் பேச்சுக்கு. "அவளுக்குச் சூட்டுக் கை, அதான் மாவு புளிச்சிருச்சு." எத்தனை வீட்டில் எத்தனை மருமகள்கள் இதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்! மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிரிகள் உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் வருகின்றன. கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். கையைக் குறை சொல்கிறவர்கள் ஒருநாளாவது அந்த மாவுக்குள் ஒரு தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்திருப்பார்களா?

வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நாலு பக்கமும் மலை நிற்கிற பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஏப்ரல், மே மாதத்தில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும். பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட் தளம் நடுராத்திரி வரைக்கும் அனலை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மேல் மாடிச் சமையலறையில் ராத்திரி பத்து மணிக்கும் 33, 34 டிகிரி இருக்கும். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இந்த உயர வித்தியாசத்துக்கே எட்டு டிகிரி வரை குறையும். இங்கே ஆறு மணி நேரத்தில் பொங்குகிற மாவு, அங்கே மார்கழியில் 14 மணி நேரம் ஆனாலும் அசையாமல் கிடக்கும். ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது எல்லாருக்கும் ஒரே மணிக்கணக்கைக் கொடுப்பது என்ன நியாயம்?

சூட்டில் என்ன நடக்கிறது என்று யாராவது சொல்லிக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள். மாவில் முதலில் வேலையைத் தொடங்குவது லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்கிற பாக்டீரியா. இது புளிப்போடு சேர்த்துக் கரியமில வாயுவையும் விடும். உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, மாவு உப்புகிறது. இதற்குத் தோதான சூடு 25 முதல் 30 டிகிரி. 35-ஐத் தாண்டினால் இது சோர்ந்துவிடும். சூட்டைத் தாங்கி, வாயு விடாமல் அமிலத்தை மட்டும் சுரக்கிற மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். "புளிச்சிருச்சு, ஆனா பொங்கவே இல்லை" என்று மே மாதத்தில் புலம்புகிறார்களே, அதற்கு இதுதான் காரணம். அந்த மாவில் சோடா உப்பைக் கொட்டி இட்லி ஊற்றச் சொல்கிறவர்களை என்ன செய்வது? புளிப்போடு சோடா வாடையும் சேரும், இட்லி மஞ்சளடித்து நிற்கும்.

கோளாறு புளிக்க வைக்கும்போது தொடங்குவதும் இல்லை. ஊற வைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மொட்டை மாடியில் இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் டேங்கில் மத்தியானத் தண்ணி கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதில் அரிசியை ஐந்து மணி நேரம் ஊறப்போட்டால், ஊறின தண்ணியிலேயே நுரை கட்டும். அதாவது ஆட்டுவதற்கு முன்பே பாதி புளித்தாகிவிட்டது. காலையில் பிடித்து வைத்த தண்ணியில், பிரிட்ஜுக்குள் ஊற வையுங்கள். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு நாலு மணி நேரம், ஒரு டம்ளர் முழு உளுந்தும் அரை டீஸ்பூன் வெந்தயமும் சேர்த்து இரண்டு மணி நேரம். ஊறின தண்ணியை விட்டு ஆட்டுகிற பழக்கம் குளிர்காலத்துக்கு நல்லது. கோடையில் அதைக் கீழே கொட்டிவிட்டு இரண்டு முறை அலசுங்கள்.

அடுத்த சூடு கிரைண்டரில். கல்லும் கல்லும் உராய்ந்து அரை மணி நேரத்தில் மாவு வெதுவெதுப்பாகிவிடும். மிக்ஸி இன்னும் மோசம். உளுந்து சூடாகிவிட்டால் பொதபொதவென்று எழும்பாது, எவ்வளவு நேரம் ஓடினாலும் கூழ் மாதிரி கிடக்கும். இந்த அளவுக்கு மொத்த மாவு ஏறக்குறைய இரண்டரை கிலோ வரும். அதை 35 டிகிரியிலிருந்து 27-க்கு இறக்க 150 கிராம் ஐஸ் போதும், கல் உராயும் சூட்டையும் சேர்த்தால் 200 கிராம். "ஐஸ் தண்ணி ஊத்தினேனே, கேக்கலையே" என்பார்கள். கேட்காது. குளிர்ச்சியில் முக்கால்வாசி ஐஸ் உருகும்போதுதான் கிடைக்கிறது. உருகி முடிந்த தண்ணியில் மிச்சம் கால்வாசிதான். ஐஸைத் துணியில் சுற்றித் தட்டிப் பொடியாக்கி, உளுந்து ஆடும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். முழுக் கட்டியைப் போட்டால் குழவி துள்ளும். போட்ட ஐஸின் எடையைத் தண்ணியில் கழித்துவிடுங்கள், இல்லையென்றால் மாவு நீர்த்துவிடும். 25 நிமிடம் ஆட்டின உளுந்தில் ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணியில் போட்டால் மிதக்க வேண்டும். முங்கினால் இன்னும் ஆட்ட வேண்டும்.

கிரைண்டரைக் கழுவுவதில் சோம்பல் கூடாது. குழவிக்கு அடியில், நடுத்தண்டின் இடுக்கில் போன வாரத்து மாவு ஒட்டியிருந்தால், புளித்த மாவைப் புது மாவில் பிசைந்து விட்ட கதைதான். உப்பைக் கடைசியில் போடுவது குளிர் ஊர்க்காரர்களின் வழி. உப்பு புளிப்பைக் கொஞ்சம் நிதானப்படுத்தும், அதனால் இங்கே கலக்கும்போதே 25 கிராம் போட்டுவிடுங்கள்.

இனி வைக்கிற இடம். பிரிட்ஜ் தலைமேலே வைக்கிறார்கள்! வீட்டிலேயே அனல் அடிக்கிற இடங்களில் அது ஒன்று. அடுப்பு மேடையும் அப்படியே. தரையில் வையுங்கள். பங்குனியில் காற்று காய்ந்திருக்கும்போது ஒரு தாம்பாளத்தில் இரண்டு அங்குலம் தண்ணி விட்டு, போசியை நடுவில் வைத்து, பருத்தித் துண்டைச் சுற்றி, துண்டின் நுனி தண்ணியில் முங்கும்படி விடுங்கள். பக்கத்தில் ஃபேன் ஓட வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூன்று, நாலு டிகிரி இறங்கும். கதவைச் சாத்தின சமையலறையில் இது பலிக்காது. ஈரம் காற்றில் ஏற இடமில்லாமல் துண்டு வெறுமனே நனைந்து கிடக்கும். கோடை மழை பெய்து புழுங்குகிற ராத்திரியிலும் இதே கதிதான்.

அந்த ராத்திரிகளுக்குத் தெர்மாகோல் பெட்டி. போசி அடங்குகிற அளவில், ஒரு அங்குலக் கனமுள்ள பெட்டி போதும். தண்ணியை உறைய வைத்த அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி, போசியின் மேல்பக்கமாக நிற்கும்படி வையுங்கள். குளிர்ந்த காற்று தானாகக் கீழே இறங்கும். வெளியே 32 இருந்தாலும் ராத்திரி முழுக்க அது தாங்கும். ஆசைப்பட்டு இரண்டு லிட்டர் பாட்டிலைத் திணிக்காதீர்கள். மாவு 20 டிகிரிக்குக் கீழே போய், காலையில் பச்சை மாவாகவே இருக்கும். அப்புறம் "ஐஸ் வச்சா பொங்காது" என்று அதற்கும் ஒரு வதந்தியைக் கிளப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டுகிற பழக்கத்தைக் கோடையில் விட்டுவிடுங்கள். நாலு மணி மாவு பத்து, பதினொன்றுக்கே பொங்கி முடிந்துவிடும். காலை ஆறு வரை அது புளித்துக்கொண்டே இருக்கத்தான் செய்யும். ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆட்டுங்கள். போசியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மடங்கு இரு மடங்காகி மேடு கட்டி நிற்கும்போது எடுப்பதுதான் கணக்கு. மேடு குழிவிழத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது.

பொங்கின மாவை அப்படியே பெரிய போசியோடு பிரிட்ஜில் தள்ளுவதும் தப்பு. நடு மாவு குளிர மணிக்கணக்கில் ஆகும், அதுவரை உள்ளே புளிப்பு ஏறும். ஒரு லிட்டர் டப்பாக்களில், கலக்காமல் அள்ளிப் பிரித்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் வையுங்கள். நாலு டிகிரியிலும் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

இத்தனை செய்தும் ஒருநாள் புளித்துவிட்டால் இட்லி ஊற்றி ஏமாற வேண்டாம். மாவில் நாலில் ஒரு பங்கு பச்சரிசி மாவும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்துப் பணியாரம் சுடுங்கள், அல்லது ஊத்தப்பம் ஊற்றுங்கள். இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ திட்டுத் திட்டாக நிறம் தெரிந்தாலோ, நூல் இழுத்தாற்போல வழவழவென்று வந்தாலோ, அதை மட்டும் ஒரு கரண்டிகூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுங்கள். கொட்டும்போது யாராவது கையைப் பற்றிப் பேச்செடுத்தால், தெர்மாமீட்டரை அவர்கள் கையில் கொடுங்கள்.